இடது கை என்று எழுதியிருந்தது

அந்தப் பிரிவில் எல்லாவற்றையும் முதல் நாளே எழுதி வைத்துவிடுவார்கள். நோயாளியின் எண், வயது, எடை, உயரம், எந்தக் கையில் ஊசி போடப்போகிறோம் என்பது உட்பட. மறுநாள் காலையில் பாக்கியிருப்பது நேரம் ஒன்றுதான். ஊசி போட்ட நிமிடத்தை எழுதிக் கீழே கையெழுத்தைப் போட்டால் படிவம் முடிந்தது.

இது சோம்பேறித்தனம் இல்லை. கதிரியக்க மருந்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேனாவைத் தேடுகிறவர் தன் உடம்புக்குத் தானே கேடு தேடிக்கொள்கிறார். ஆகவே மருந்து வருவதற்கு முன் எழுத்து வேலை முடிந்திருக்க வேண்டும். வந்த பிறகு கை வேலை மட்டும்தான். கை என்ற கட்டத்தில் எப்போதும் "இடது" என்றே எழுதுவார்கள். நூற்றில் தொண்ணூறு பேருக்கு இடது கையில்தான் போடுவார்கள். மாறினால் அடித்துத் திருத்திக்கொள்ள வேண்டியது.

ஊசி போடுவதும் படம் எடுப்பதும் ஐஸ்பெட்டியின் வேலை. ஐஸ்பெட்டி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மருந்து தயாரிக்கிற அறைக்கு அங்கே சமையலறை என்று பெயர். ஈயச் சுவருக்குப் பின்னால் நின்று மருந்து கலக்குகிறவர் சமையல்காரர். இவளுக்கு ஐஸ்பெட்டி என்று பெயர் வைத்தது அவர்தான். ஒருமுறை நோயாளி ஒருவர் படுத்த இடத்திலேயே மூச்சுப் பேச்சில்லாமல் போக, மற்றவர்கள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார்கள். இவள் மட்டும் அவசர மணியை அழுத்தி, நேரத்தைக் குறித்துவிட்டு, வெளியே போய் அடுத்தவரிடம், "இன்னும் அரை மணி நேரம் ஆகும், உட்காருங்க" என்றாளாம்.

"இவ மனுஷியே இல்லப்பா, ஐஸ்பெட்டி. உள்ள எதை வச்சாலும் கெட்டுப்போகாது" என்றார் சமையல்காரர். பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் கோபித்துக்கொள்ளவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

அவளுக்குப் பெரிய துக்கம் எதுவும் நடந்துவிடவில்லை. கணவன் உண்டு. பள்ளிக்குப் போகிற மகள் உண்டு. நோயாளியிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நில், பேச்சைச் சுருக்கு, வேலை முடிந்ததும் நகர்ந்துவிடு என்ற விதிகளைப் பதினொரு வருடம் பிசகாமல் கடைப்பிடித்ததில், எப்போதோ ஒரு நாள் அவை அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டன. அவ்வளவுதான். மகள் போட்டியில் பரிசு வாங்கி வந்தால் "நல்லது" என்பாள். கணவன் காய்ச்சலில் படுத்தால் மாத்திரையையும் தண்ணீரையும் மேசையில் வைத்துவிட்டு நகர்வாள். குறை சொல்ல ஒன்றும் கிடையாது.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வந்தவர் ஒரு தையல்காரம்மா. வயது ஐம்பத்து நான்கு. துணைக்கு அவருடைய அக்கா வந்திருந்தார். தையல்காரம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் சினைப்பையில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சையும் ஆறு தவணை மருந்தும் முடிந்து, ஒரு வருடம் நிம்மதியாகப் போயிருந்தது. இப்போது மூன்று மாதமாக ரத்தப் பரிசோதனையில் புற்றுநோயைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே இருந்தது. வழக்கமான ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் அகப்படவில்லை. நோய் எங்கேயோ இருக்கிறது; எங்கே என்பதுதான் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு புது வழியை அந்த மருத்துவமனையில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இவர் பத்தொன்பதாவது ஆள்.

"போட்ட உடனே படம் எடுத்துடுவீங்களா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லம்மா. அஞ்சு நாள் கழிச்சு. செவ்வாய்க்கிழமை."

"அஞ்சு நாளா! அதுவரைக்கும் மருந்து என்ன பண்ணும், ஊர் சுத்திப் பாக்குமா?"

"ஆமா" என்றாள் ஐஸ்பெட்டி. அது உண்மையும்கூட. பிறகு, பதினெட்டு பேரிடம் சொன்னதையே பத்தொன்பதாவது முறையாகச் சொன்னாள். ஆன்டிபாடி என்று ஒன்று இருக்கிறது. இந்த ஆன்டிபாடி அந்தப் புற்றுநோய் செல்லைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிற மாதிரி செய்யப்பட்டது. அதன் முதுகில் துளியூண்டு கதிரியக்கப் பொருளை ஏற்றி அனுப்புகிறோம். ஆன்டிபாடி பெரிய சரக்கு, மெதுவாகத்தான் போகும். ரத்தத்தில் சுற்றி, ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டி, மீதி கழிவதற்கு ஐந்து நாள் வேண்டும். பிறகு பெட் ஸ்கேன் என்கிற படத்தில் அந்த இடம் மட்டும் தெரியும்.

இந்த முறை பேசியது தையல்காரம்மா. "ஊசியில நூல் கோத்த மாதிரி. ஊசி துணிக்குள்ள எங்க போச்சுன்னு தெரியாட்டாலும் நூலு காட்டிக்குடுத்துடும்."

"அப்படி வச்சுக்கலாம்."

"பெரிய டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்றார் அக்கா, குரலைத் தாழ்த்தி, ஏதோ தங்கச்சி பக்கத்தில் இல்லாதது போல. "ஒரே இடத்துல இருந்தா வெட்டி எடுத்துடலாமாம். ரெண்டு மூணு இடத்துக்குப் போயிருந்தா கத்தியே வைக்க மாட்டாங்களாம். மருந்துதானாம். அது எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கும்னு கேட்டா, பாக்கலாம்ங்கறாங்க. பாக்கலாம்னா என்ன அர்த்தம்?"

ஐஸ்பெட்டி ரப்பர் பட்டையை எடுத்தாள். இடது கையைக் கட்டி நரம்பைத் தேடினாள். பழைய மருந்தெல்லாம் ஏறி ஏறி நரம்புகள் சுருண்டு போயிருந்தன. ஒரு முறை குத்தினாள், கிடைக்கவில்லை. இடம் மாற்றிக் குத்தினாள், அதுவும் வீண். அதற்குள் சமையலறையிலிருந்து மருந்து வந்துவிட்டது.

"வலது கையக் குடுங்க."

"அது கத்திரிக்கோல் பிடிக்கிற கைம்மா."

"ஒரு நாள் வலிக்கும். சரியாயிடும்."

"குடுடி" என்று அதட்டினார் அக்கா. "என்னவோ கைய வெட்டிக் கேட்ட மாதிரி."

வலது முழங்கை மடிப்பில் நரம்பு கிடைத்தது. அக்காவை வெளியே அனுப்பிவிட்டு மருந்தை மெல்ல ஏற்றினாள். மூன்றாவது நிமிடத்தில் ஊசி முனைக்கு மேலே தோல் லேசாக உப்பியது. கொசு கடித்தால் தடிக்குமே, அந்த அளவு. ஊசியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்தாள். மீதி ஒழுங்காகப் போயிற்று. தையல்காரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார், வாய் திறக்கவில்லை. ஐஸ்பெட்டி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பத்தெட்டு. எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

படிவத்தில் இடது கை என்று எழுதியிருந்தது. அதைத் திருத்த வேண்டும். கீழே குறிப்பு என்ற கட்டத்தில் வீக்கத்தையும் எழுத வேண்டும். கை கழுவிவிட்டு எழுதலாம் என்று போனாள். கழுவினாள். வெளியே அடுத்தவர் காத்திருந்தார். படிவம் முடிந்த படிவங்களுக்கான தட்டுக்குப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை படம் எடுத்ததும் அவள்தான். தையல்காரம்மாவைப் படுக்கவைத்து, கைகள் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொன்னாள். அப்படி வைத்தால் முழங்கைகள் படச் சட்டத்துக்கு வெளியே போய்விடும். நெஞ்சும் வயிறும் தெளிவாக விழும். நாற்பது நிமிடம் ஆயிற்று. ஈரல் எல்லோருக்கும் தெரிவது போலவே தெரிந்தது. இடுப்புக்குழியில் இடது பக்கமாக, குடலை ஒட்டி, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு புள்ளி. வலது அக்குளில் இன்னொரு புள்ளி. இரண்டையும் பார்த்தாள். படம் எடுப்பது அவள் வேலை, படிப்பது டாக்டர்கள் வேலை. அனுப்பிவிட்டு விளக்கை அணைத்தாள்.

புதன்கிழமை காலை எட்டரைக்கு டாக்டர்கள் கூட்டம். பிரிவின் தலைமை டாக்டருக்கு மணிக்கூண்டு என்று பெயர். ஆள் அந்த உயரம். நேரமும் அந்தத் துல்லியம். எட்டு முப்பத்தொன்றுக்கு வருகிறவர் வெளியிலேயே நின்றுகொள்ளலாம். கூட்டத்தில் திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுவது ஐஸ்பெட்டி.

பத்தொன்பதாவது ஆளின் படம் வந்தது.

"கீழ ஒண்ணு இருக்கு" என்றார் மணிக்கூண்டு. "இதத்தான் தேடிக்கிட்டிருந்தோம். ஆனா மேல பாருங்க. அக்குள்."

அறுவை டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நெறிக்கட்டா?"

"ஆமா. ஊசி எந்தக் கையில போட்டது? அந்தப் பக்கம்னா மருந்து கசிஞ்சு ஏறியிருக்கலாம்."

உதவி டாக்டர் படிவத்தைப் புரட்டினார். "இடது கை சார். குறிப்பு எதுவும் இல்ல."

"அப்போ இது நிஜம். வயித்த விட்டு வெளிய வந்துடுச்சு."

டாக்டரம்மா கோப்பை மூடினார். "நான் கை வைக்க மாட்டேன். அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க."

ஐஸ்பெட்டிக்கு அப்போதே நினைவு வந்துவிட்டது. கத்திரிக்கோல் பிடிக்கிற கை. உப்பிய தோல். வாயைத் திறந்தால் போதும், மூன்று வார்த்தை. அவள் விரல் பொத்தானை அழுத்தியது. அடுத்த படம் வந்தது. அதற்கடுத்து இன்னொன்று. நான்கு பேருடைய விஷயத்தைப் பேசி முடித்தார்கள். நான்கு பேருக்கும் படத்தைச் சரியாகத் தள்ளினாள்.

கூட்டம் முடிந்ததும் சமையலறைக்குப் போனாள். சமையல்காரர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னாள், பேருந்து தாமதமாக வந்தது என்று சொல்கிற குரலில்.

அவர் கதவைச் சாத்தினார். "நல்லா ஞாபகம் இருக்கா உனக்கு?"

"இருக்குண்ணே."

"கசிவுனாலதான் அக்குள்ல தெரியுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நிஜமாவே அங்க நோய் இருந்தா? நீ போய் வாயக் குடுத்து, அவங்க வெட்டி, ஒண்ணும் பிரயோஜனம் இல்லாமப் போனா?"

"தெரியல."

"போன வருஷம் படிவத் தப்புக்காக ரெண்டு தடவ எழுத்து மூலமா விளக்கம் கேட்டிருக்காங்க உன்ன. இது மூணாவது. ஆராய்ச்சியவே நிறுத்திடுவாங்க. உன் கையில ஊசி குடுக்கவே மாட்டாங்க. யோசிச்சுக்க. நான் காதும் காதும் வச்ச மாதிரி இருந்துடுறேன்."

அவர் கெட்டவர் இல்லை. இவளுக்காகத்தான் சொன்னார். ஐஸ்பெட்டி தனக்குள் பயம் இருக்கிறதா என்று பார்த்தாள், பையில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது போல. தட்டுப்படவில்லை. வருத்தமும் தட்டுப்படவில்லை.

வெளியே வந்தாள். நடைக்கூடத்தின் கோடியில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். உதவி டாக்டர் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். குரல் கேட்கவில்லை. அக்கா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். தையல்காரம்மா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், வாடிக்கையாளர் அளவு சொல்லச் சொல்ல மனதில் வாங்கிக்கொள்கிறவர் போல.

மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டால் எழுந்துபோய் மூடுவோமே, அப்படித்தான் போனாள்.

மணிக்கூண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தார். "சொல்லும்மா."

"பத்தொன்பதாவது பேஷண்டுக்கு ஊசி வலது கையில போட்டேன் டாக்டர். இடதுல நரம்பு கிடைக்கல. படிவத்தத் திருத்தல."

பேனா நின்றது. "கசிஞ்சுதா?"

"கொஞ்சம் உப்புச்சு. மூணாவது நிமிஷம்."

"பாத்தியா, இல்ல இப்ப தோணுதா?"

"பாத்தேன்."

"எழுதல."

"எழுதல."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள்; கத்தவில்லை. "ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி நான் கேட்டப்போ அதே அறையிலதானே இருந்த?"

"ஆமா."

"ஏன் பேசல?"

"தெரியல டாக்டர்."

"பயமா?"

"இல்ல. பயம்னு சொன்னா பொய்."

அவர் காலண்டரைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். "ஆறு நாள். மருந்து இன்னும் கால்வாசி இருக்கும். போதும். அந்தம்மாவக் கூப்பிடு. வலது கைய மட்டும் ஒரு படம் எடுப்போம். முழங்கையில ஒண்ணும் இல்லேன்னா அக்குள் நிஜம். இருந்துச்சுன்னா..." முடிக்காமல், அறுவை டாக்டரம்மாவைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார்.

அக்காவும் தங்கையும் அதற்குள் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். ஐஸ்பெட்டிதான் போன் செய்தாள். எடுத்தது அக்கா.

"இன்னும் சொல்றதுக்கு என்னம்மா பாக்கி வச்சிருக்கீங்க?"

"திரும்பி வாங்க. இன்னொரு படம் எடுக்கணும்."

"எதுக்கு, ஆல்பம் போடவா? அதான் எல்லாம் முடிஞ்சுதுன்னுட்டாரே அந்தத் தம்பி!"

"அக்கா, போனக் குடு" என்று பின்னால் குரல் கேட்டது. பிறகு தையல்காரம்மா பேசினார். "வரோம்மா. பஸ்ஸு இன்னும் வரல."

படமெடுக்கும் அறையில் இருவர் மட்டும். இந்த முறை கையைத் தூக்கச் சொல்லவில்லை. உடம்பை ஒட்டி நீட்டி வைக்கச் சொன்னாள். முழங்கைக்குக் கீழே ஒரு சிறு தலையணையை வைத்தாள்.

"தப்பு என்னோடது" என்றாள். "வலது கையில போட்டுட்டு இடதுன்னு இருந்தத மாத்தல. மருந்து கொஞ்சம் வெளிய கசிஞ்சுது. அத எழுதியிருந்தா உங்ககிட்ட காலைல அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க. ஒருவேளை."

தையல்காரம்மா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். "எரிஞ்சுது அன்னைக்கு. சொல்லலாம்னுதான் பாத்தேன். நீங்க பாட்டுக்குக் கடிகாரத்தப் பாத்துக்கிட்டிருந்தீங்க. சரி, தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்."

"சொல்லியிருக்கணும் நீங்க."

"நீங்க கேட்டிருக்கணும்."

"ஆமா."

"நானும் அப்படித்தான்" என்றார் தையல்காரம்மா, யோசித்துவிட்டு. "அளவெடுக்கறப்போ எழுதிக்க மாட்டேன், ஞாபகத்துலயே இருக்கும்னு. ஒரு தடவ ஒரு பொண்ணோட கல்யாணத் துணியில கை ரெண்டு அங்குலம் குட்டையாப் போச்சு. அவங்க அம்மா கடைக்கே வந்து கிழி கிழின்னு கிழிச்சுட்டாங்க. என்னைய. துணிய இல்ல."

ஐஸ்பெட்டிக்குச் சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. முகம் ஒத்துழைக்கவில்லை. "அசையாம இருங்க" என்று சொல்லிவிட்டு ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போனாள்.

பத்து நிமிடம். படம் கீழிருந்து வரி வரியாக மேலேறி வந்தது. மணிக்கட்டு இருட்டு. முன்கை இருட்டு. மணிக்கூண்டு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். அறுவை டாக்டரம்மாவும் வந்திருந்தார். முழங்கை மடிப்பு வந்தபோது அங்கே மை சிந்திய மாதிரி ஒரு கறை. அதிலிருந்து மெல்லிய ஒரு கோடு புறப்பட்டு, மேல்கையின் உட்பக்கமாக ஏறி, அக்குளில் போய் முடிந்தது.

"இது நோய் இல்ல" என்றார் மணிக்கூண்டு. "நம்ம மருந்து. கசிஞ்ச இடத்துலேர்ந்து நெறிக்கட்டுக்கு ஏறியிருக்கு." பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தார். "எதுக்கும் அக்குளுக்கு அல்ட்ராசவுண்டும் ஒண்ணு பாத்துடலாம்."

பக்கத்து அறையில் அதையும் பார்த்தார்கள். நெறிக்கட்டு வழக்கமான அளவில், வழக்கமான வடிவத்தில் இருந்தது. டாக்டரம்மா கோப்பைத் திறந்து, காலையில் எழுதியதன் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டார்.

மணிக்கூண்டு ஐஸ்பெட்டியைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ நாளையிலேர்ந்து ஊசி போட வேண்டாம். விசாரணை முடியற வரைக்கும் வரவேற்புல உக்காந்து போன் எடு. நடந்தது முழுசையும் இன்னைக்கே எழுதிக் குடு. காலைல கூட்டத்துல பேசாம இருந்ததையும் சேத்து."

"சரி டாக்டர்."

"முன்னாடியே எழுதி வைக்கிற பழக்கத்த நாளையிலேர்ந்து நிறுத்தறோம். கைங்கற கட்டம் காலியா இருக்கணும். இத நான் பத்து வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும்." அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

சகோதரிகளிடம் டாக்டரம்மாவே சொன்னார். ஐஸ்பெட்டி கோப்போடு பின்னால் நின்றாள். அக்குளில் இருந்தது நோய் இல்லை; இருப்பது கீழே ஒரே இடம்தான்; அடுத்த வாரம் வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். அழுதுகொண்டே ஐஸ்பெட்டியைப் பார்த்து, "பாவி, உன்னால ரெண்டு மணி நேரம் செத்துப் பொழச்சேன்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "நீ நல்லா இரு" என்றார். இரண்டையும் மனதாரச் சொன்னதாகத்தான் பட்டது.

தையல்காரம்மா அழவில்லை. "அப்போ கீழ இருக்கறது?"

"அது நிஜம்" என்றார் டாக்டரம்மா. "அதத்தான் எடுக்கப்போறோம்."

"எடுத்தா முடிஞ்சுடுமா?"

"எடுக்க முடியும். இன்னைக்கு அதுதான் சொல்ல முடியும்."

தையல்காரம்மா தலையாட்டினார், காலையில் ஆட்டியது போலவே. டாக்டரம்மா போன பிறகு அவர் ஐஸ்பெட்டியின் பக்கம் திரும்பினார்.

"வியாழக்கிழமைன்னா முடியாதேம்மா. பள்ளிக்கூடம் திறக்கப்போவுது. இருபத்திரண்டு சீருடை வெட்டிப் போட்டிருக்கேன், பாதிதான் தைச்சிருக்கு. ஒரு வாரம் தள்ளிக் கேட்டுப் பாக்கறீங்களா?"

"இவளுக்குப் புத்தி பிசகிடுச்சு" என்றார் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "வயித்துல வச்சுக்கிட்டு சீருடையாம்."

"தள்ள முடியாது" என்றாள் ஐஸ்பெட்டி. தன் குரல் தன் காதுக்கே கொஞ்சம் கூர்மையாகக் கேட்டது. "ஒரு நாள்கூடத் தள்ள விட மாட்டேன்."

தையல்காரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "அப்போ மிச்சத்த நீதான் தைக்கணும்."

"நானா? எனக்குப் பொத்தான் காஜாவே எடுக்கத் தெரியாதே!"

"கத்துக்குடுக்கறேன். எட்டு நாள் இருக்கு."

இருவரும் பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த அளவு, எதற்குப் பாக்கெட் வைக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தையல்காரம்மா சொல்லிக்கொண்டே போனார். "எழுதிக்கறேன் இரு, இப்படி மழை மாதிரி பொழிஞ்சா எப்படி" என்று அக்கா பையில் பேனாவைத் துழாவினார். ஐஸ்பெட்டி தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினாள்.